ஆள் இறக்காத குளிர்காலம்

ஈரம் காயாத மேலங்கிகளின் வாசமும் கொதியெண்ணெயில் பொரிகிற றோல்ஸின் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், எந்த வீட்டில் நின்றாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வந்துவிடும். அது 2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் வாசம். மோர்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டினால் போதும், அப்பாவின் கழகத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். அம்மா என் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்டிருக்கும் ஹீற்றரின் மேலேயே தங்கள் மேலங்கிகளையும் போட்டுவிட்டு, கதிரையில் இருப்பதற்கு முன்பே ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "என்ன குணம் அண்ணை, இன்னும் ஒருத்தரையும் இறக்கேல்லையோ?" அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "பாப்பம்" என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொலைக்காட்சி பார்க்கவும் முடியாது, வீட்டுப்பாடம் செய்யவும் முடியாது, ஒரு மனுசருக்கு இன்னொரு மனுசர் சொல்வது கேட்கவும் மாட்டாது.

வெளியாட்களுக்காக இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். லண்டனில் இருந்த எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு கழகம் இருந்தது, அந்தக் கழகத்துக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது, கோடைகாலத்தில் ஊருக்கு ஊர் மோதுகிற போட்டிகள் நடந்தன. அப்பா கழகத்தின் செயலாளர். பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொலைபேசியை எடுக்க வேண்டிய பதவி அது. ஒரு ஊருக்கு விளையாடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊராரின் பிள்ளையாக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அந்த ஊரில் கலியாணம் செய்த மருமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதிக்குள் அடங்குகிற ஒரு கெட்டிக்காரப் பெடியனைப் பாரிசிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ தேடிப் பிடித்து, கோடைக்கு லண்டனுக்குக் கூட்டிவந்து விளையாட வைப்பதற்குத்தான் "இறக்கிறது" என்று பெயர். கோடையில் வெல்கிற கழகம் குளிர்காலத்திலேயே ஆளை இறக்கி வைத்திருக்கும். எங்கள் கழகம் அந்தக் குளிர்காலத்தில் ஒரு குருவியைக்கூட இறக்கவில்லை.

அந்த வருடத்து இளவேனிலை எங்கள் வீட்டார் முழுக்க முழுக்க, ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, நாடாளுமன்றத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் கழித்திருந்தார்கள். வைகாசிக்குப் பிறகு வீட்டுக்குள் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. போட்டிகளை நடத்துவதா விடுவதா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு விளையாடுவது என்று முடிவானது. எனக்கு அப்போது பதினொரு வயது. எதைப் பற்றிக் கத்த வேண்டுமோ அதைப் பற்றிக் கத்த வழியில்லாமல்தான் பெரியவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிக் கத்தினார்கள் என்று இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியிருந்தாலும் என் எரிச்சல் குறைந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இத்தனை கத்தலுக்கும் காரணமான இறுதியாட்டம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எதிரே நின்றது மனோர் பார்க் பக்கம் குடியிருந்தவர்கள் அதிகமாக இருந்த இன்னொரு ஊர்க் கழகம். அவர்களை நாங்கள் "மனோர் பார்க்காரர்" என்றே சொல்வோம். வெல்வதற்கு இன்னும் இருபது ஓட்டம் போதும், கையில் ஏழு விக்கெட் இருக்கிறது. மாமிமார் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜேர்மனியில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை செய்துகொண்டிருந்த ராசன் மாமா, கழகத்தின் முதல் ரசிகர், ஜேர்மனியில் இருக்கிற தம்பிக்குத் தொலைபேசி எடுத்து "வெண்டிட்டம்" என்றே சொல்லிவிட்டார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மனோர் பார்க்காரரின் பக்கத்தில் ரமணன் என்ற நெடுவல் பெடியன் இடக்கையால் பந்து போட வந்தான். ராசன் மாமா தம்பியின் பிள்ளைகளைச் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் எங்கள் ஆட்கள் மூன்று பேர் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். மிச்சப் பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், வந்தார்கள். அம்மா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது, நாங்கள் தோற்றிருந்தோம், ராசன் மாமாவின் தொலைபேசியில் தம்பி இன்னும் "கலோ, கலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. முதலில் தலைவனைத் திட்டினார்கள், பிறகு நடுவரை, பிறகு வெயிலை. பொழுதுபடும் நேரத்தில் எல்லோரும் ஒருமனதாக வாசுவுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசு ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்கு இருந்த மலேசியத் தமிழர். எங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவர் அன்றைக்கு ஷிப்ட் என்று வராமல் விட்டதால் அவருடைய இடத்துக்கு வந்தவர். வரும்போது சும்மா வராமல் உருளைக்கிழங்குக் கறி அடைத்துத் தானே பொரித்த கறிபப்பை இரண்டு பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்து, துடுப்பாட முறை பார்த்துக் காத்திருந்த பெடியன்களுக்கு, "சாப்புடுங்க லா, சூடு ஆறிடும்" என்று எடுத்து நீட்டியிருந்தார். "ஆடப்போற பெடியளுக்கு எண்ணெய்ப் பலகாரத்தைக் குடுத்துக் கவிட்டுப்போட்டான் மலேசியாக்காரன்" என்றார் ராசன் மாமா. அதைச் சொன்னபோது அவருடைய மீசையிலேயே கறிபப்பின் தூள் இருந்தது.

அந்த வாசுவை மைதானத்துக்குக் கூட்டிவந்தது என் சித்தி. அம்மாவின் தங்கை கௌரி, எங்களோடுதான் இருந்தார், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. வாசு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்க அந்தக் கடைக்குப் போய், பிறகு அதைச் சரிசெய்ய என்று பல தடவை போய், ஒரு வருடத்துக்கு மேலாக இருவரும் பழகிக்கொண்டிருந்தார்கள். நானும் சித்தியும் ஒரே அறையில் இருந்ததால் எனக்கு இது தெரியும். சித்தி கலியாணம் செய்து போனால் அந்த அறை எனக்குத் தனியாகக் கிடைக்கும் என்பதால் நான் முழுமனதோடு வாசுவின் பக்கம் நின்றேன். ஊரில் இருந்த சித்தியின் தாய் தகப்பன், கலியாணப் பேச்சு என்று வந்தால் "அத்தான் ஓம் எண்டால் எங்களுக்கும் ஓம்" என்று எல்லாவற்றையும் அப்பாவின் தலையில் போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு முதலில் ஆளைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் சித்தி ஸ்கோர் எழுதுகிற சாட்டில் வாசுவை அழைத்து வந்தார். அப்பாவுக்கு வாசுவைப் பிடித்தும் போயிற்று. கிழமை ஒன்று கழித்து சித்தி விஷயத்தை உடைத்துச் சொன்னபோது, அப்பா நாடியைச் சொறிந்துகொண்டு, "நல்ல பெடியன்தான். ஆனா இப்ப இதை எடுத்தால் ராசன் ஆக்கள் வீட்டுக்கு நெருப்பு வைப்பாங்கள். கொஞ்சம் ஆறட்டும், பாப்பம்" என்றார்.

ஆறட்டும் என்றால் எப்படி ஆறும்? ரசிகர்களின் கோபம் ஆற வேண்டுமானால் கழகம் ஏதாவது செய்ய வேண்டும். புரட்டாதி போயிற்று, ஐப்பசி போயிற்று, கழகம் ஒன்றும் செய்யவில்லை. சவுத்தால் பக்கத்துக் கழகம் சூரிச்சிலிருந்து ஒரு தொடக்க ஆட்டக்காரரை இறக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. இன்னொரு கழகம் பாரிசிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரை இறக்கிவிட்டது. மனோர் பார்க்காரர் வென்ற பிறகும் அடங்காமல் நோர்வேயிலிருந்து ஒரு விக்கெட் காப்பாளரைக் கொண்டுவரப் போகிறார்களாம். இவை ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தன. சாப்பிட இருக்கும்போது வந்தன, நான் பரீட்சைக்குப் படிக்கும்போது வந்தன, அம்மா குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வந்தன. "அண்ணை, உவங்கள் ரெண்டு பேரை இறக்கிப்போட்டாங்கள், நீங்கள் என்ன நித்திரையோ?" அப்பாவிடம் ஒரு பதில்தான் இருந்தது. "தோத்த பெடியளே வெண்டு காட்டட்டும். அவங்களை நம்புறன்." கேட்பதற்கு நல்ல வசனம்தான். அந்த வசனத்தைச் சொல்லிவிட்டால் ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம் என்பதும் அதில் இருந்த ஒரு வசதி.

உண்மையில் கழகம் அந்தக் குளிர்காலத்தில் ஒரேயொரு காரியம் செய்தது. முதுகில் ஊர்ப்பெயர் பெரிதாகப் போட்டு, கடும் பச்சையில் எல்லோருக்கும் மேலங்கி அடித்தது. மரக்கறிக் கடையின் வெளிச்சத்தில் நின்றால் ஆளையும் முட்டைக்கோவாவையும் பிரித்தறிய முடியாத பச்சை. "பந்து போட ஆள் இல்லை, போர்த்துக்கொண்டு அழ அங்கி வந்திருக்கு" என்று ராசன் மாமா சொன்னார். சொல்லிவிட்டு அந்த மேலங்கியைத்தான் அவர் மழை, பனி, கோயில், வேலை எல்லாவற்றுக்கும் போட்டார்.

இந்த இடத்தில் சித்தியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஈப்போவில் வாசுவின் அம்மா பொறுமை இழந்துகொண்டிருந்தார். மகன் ஒரு முடிவும் சொல்லாவிட்டால் தைப்பூசம் முடிந்த கையோடு அங்கேயே பெண் பார்க்கத் தொடங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். வாசு பொய் சொல்லத் தெரியாத மனுசர், அதை அப்படியே சித்தியிடம் ஒப்புவித்துவிட்டார். அதுவரைக்கும் ஓவர் என்றால் என்ன, விக்கெட் என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிற சித்தி, அந்த மார்கழியில் எந்தக் கழகம் எந்த நாட்டிலிருந்து யாரை இறக்கியது என்று விரல் மடித்துச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். சுவிசில் இருந்த தன் பள்ளித் தோழிக்கு எடுத்து, "உங்கட பக்கத்தில எங்கட ஊர்ப் பெடியள் ஆராவது வேகமா பந்து போடுவாங்களோ?" என்று விசாரித்ததை நான் என் காதால் கேட்டேன். வேலையால் வந்ததும் வராததுமாக அப்பாவின் முன்னால் நின்று, "ஆரையாவது இறக்குங்கோ அத்தான், ஆரெண்டாலும் பரவாயில்லை" என்பார். அப்பா, "பாப்பம் பிள்ளை" என்பார். கழகத்தின் ரசிகர்கள் எல்லோரையும்விட அந்தக் குளிர்காலத்தில் அதிகம் துடித்த ரசிகை என் சித்திதான், அது ஒருவருக்கும் தெரியாது.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிறு ராசன் மாமா நேரத்தோடு வந்தார். வந்தவர் கத்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு பெட்டி லட்டு. அப்பாவைத் தாண்டிக் குசினிக்குள் போய், "தங்கச்சி, எங்கட கௌரிக்கு ஒரு இடம் வந்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். மாப்பிள்ளை எஞ்சினியர், சொந்த வீடு, குடிவெறி இல்லை, ஒரே பிள்ளை. சாதகத்தையும் தானே கொண்டுபோய்ப் பார்ப்பித்து, பொருத்தம் எழுபது வீதம் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார். பெயின்ற் அடிக்கப் போன வீட்டுக்கே நேரத்துக்குப் போகாத மனுசர். அம்மாவுக்குத் தங்கையின் வயது முப்பதைத் தொடுகிறதே என்ற கவலை ஏற்கனவே இருந்தது. வாசுவைப் பற்றி அப்பா இன்னும் அம்மாவிடமே வாய் திறந்திருக்கவில்லை, சித்தியையும் சொல்ல விடவில்லை. அம்மா லட்டை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் பெயர் என்ன என்று அப்பா கேட்டார். ராசன் மாமா பெயரைச் சொல்லாமல், "மனோர் பார்க் பக்கம்" என்று மட்டும் சொல்லி, அப்பாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அப்பாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய மனுசர் அந்த இடத்திலேயே "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். "பாப்பம்" என்றார்.

சித்தி அழுதார், சாப்பிடாமல் இருந்தார், அப்பாவைத் தனியாகப் பிடித்துச் சண்டை போட்டார். அப்பா அவரைச் சமாதானப்படுத்திய விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "கோயிலுக்குத்தானே போறம். ஒருக்காப் பாத்திட்டு ஏலாது எண்டு சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்." மாப்பிள்ளை யார் என்பதை அப்போதும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காகவே புடவை உடுத்திக்கொண்டு, தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சித்தி எங்களோடு மனோர் பார்க் கோயிலுக்கு வந்தார்.

லண்டனில் பெண் பார்ப்பது என்றால் இப்படித்தான். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே பூசைக்கு வரும், தற்செயலாக அன்னதானத்தில் எதிரெதிரே இருக்கும், தற்செயலாகப் பேச்சுத் தொடங்கும். வேண்டாம் என்றால் ஒருவருக்கும் மானம் போகாது. அது அமைதியாகவும் ஐந்தாறு பேரோடும் முடிய வேண்டிய காரியம். நாங்கள் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு போய் இருந்தபோது, எதிரே ஒரு நெடுவல் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பக்கத்து மேசையில், சுவரோரமாக, அகப்பையும் கையுமாகச் சாம்பார் ஊற்றுகிற இடத்தில்கூட, எங்கள் கழகத்து ஆட்கள் நின்றார்கள். ராசன் மாமா எல்லோரையும் சத்தம் போடாமல் வரச் சொல்லியிருந்தாராம். சத்தம் போடாமல்தான் வந்திருந்தார்கள், எல்லோரும் அந்தப் பச்சை மேலங்கியோடு.

அவர்கள் அப்படியே நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஒருவர் தண்ணீர் வைக்கிற சாட்டில் குனிந்து, "தம்பி, தோள்மூட்டில நோவு கீவு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். இன்னொருவர் அப்பளம் கொண்டுவந்து, "குளிருக்க கையைச் சும்மா வைச்சிருக்கக் கூடாது, பிடிச்சுக்கொள்ளும்" என்றார். ராசன் மாமா மாப்பிள்ளையின் இடக்கை மணிக்கட்டைப் பிடித்து மாட்டை விலை பேசுகிறவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ர பிள்ளைக்கு உடம்பில ஒரு குறையும் இல்லை. ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த மாப்பிள்ளை ஒவ்வொரு பச்சை மேலங்கியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, இவையள் என்னைப் பாக்க வரேல்லை, என்ர கையைப் பாக்க வந்திருக்கினம்" என்று சொல்லிச் சிரித்தார். ஆவணி மாதம் எங்களை ஆட்டமிழக்கச் செய்த ரமணன்தான் அவர்.

சித்தி சிரிக்கவில்லை. கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "என்னைக் குடுத்து ஒரு பந்து போடுற ஆளை எடுக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். அந்தக் குரலில் சித்தி பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பிறகு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் வாசுவைத்தான் கட்டப்போறன்" என்றார். அம்மா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஆர் வாசு?" என்றார் ராசன் மாமா.

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, "கறிபப்" என்றார்.

அடுத்ததாக ராசன் மாமா கேட்டதை நினைத்தால் அந்த மனுசருடைய மண்டைக்குள் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றுக்கும் இடம் இருக்கவில்லை என்று தெரியும். சற்று யோசித்துவிட்டு, நம்பிக்கை இன்னும் முற்றாகப் போகாத குரலில், "அப்ப அவனும் எங்கட ஊர் மருமகன்தானே. என்ன போடுவான், வேகமோ சுழலோ?" என்று கேட்டார். "ஒண்டும் போடமாட்டார். பட்மின்டன் விளையாடுவார்" என்றார் சித்தி. ராசன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பக்கத்து வாங்கில் குந்திவிட்டார். ஒரு மருமகன் இடம் வீணாகப் போயிற்றே என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது.

அப்பா மெல்ல எழுந்து, "சரி பிள்ளை, வீட்டை போய் ஆறுதலா இருந்து பாப்பம்" என்றார். சித்தி திரும்பி, "நீங்கள் பாத்தது காணும் அத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் அவருடைய மேலங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வெளியே தெருவில், குளிரில், வெறும் புடவையோடு நின்று தொலைபேசியில், "உங்கட அம்மாவுக்கு இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ, ஒருத்தரையும் பாக்க வேண்டாம் எண்டு" என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குச் சித்தியின் மேல் வந்த மரியாதை இன்றுவரைக்கும் குறையவில்லை.

கலியாணம் அடுத்த கோடையில் நடந்தது. மண்டபம் கிடைத்த ஒரே நாள், போட்டிகளின் முதல் சுற்று நடக்கிற ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. சித்தி வேண்டுமென்றே அந்த நாளைத் தேடி எடுத்தார் என்று ராசன் மாமா சொல்லித் திரிந்தார். அது உண்மையாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஊர் வராத கலியாணம் அப்பாவுக்குக் கலியாணமே இல்லை, அதனால் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். முக்கால்வாசிப் பேர் வந்தார்கள், ஈப்போவிலிருந்து வந்த சம்பந்தியோடு கதைத்தார்கள், கறிபப்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ராசன் மாமா வரவில்லை. பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அங்கே எங்கள் பக்கம் நின்ற ஒரே ரசிகர் அவர்தான். இறக்கிய ஆட்களோடு வந்த சவுத்தால்காரர் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சுருட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சித்தியோடு பேசவும் இல்லை.

இப்போது அந்தக் கழகம் ஒரு வாட்ஸ்அப் குழு. யாராவது செத்தால் ஒரு அறிவித்தல், யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பூங்கொத்துப் படம், அவ்வளவுதான். பிள்ளைகள் வெள்ளைக்காரக் கழகங்களில் விளையாடுகிறார்கள், அல்லது விளையாடுவதே இல்லை. ஊர் பார்த்து ஆளெடுக்கிற போட்டிகள் எப்போதோ நின்றுவிட்டன. ரமணன் வேறெந்த ஊரிலோ கலியாணம் செய்து, அவர்களுக்கும் விளையாடாமல் விட்டுவிட்டாராம். மோர்டன் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கிரிக்கெட் பார்க்கிறார், தோற்றால் நிறுத்திவிட்டு மரக்கறி நறுக்கப் போகிறார். தோற்றதற்காக ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லாமல் போய்விட்டது. நான் அதற்காக ஏங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கத்தலில் நான் ஒரு பரீட்சையில் கோட்டை விட்டேன். ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரும் எதற்கும் வந்து கத்தாமல் இருப்பதும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

சென்ற வருடம் ராசன் மாமா சவுத்தாலில் மகள் வீட்டில் இருப்பதாகவும், ஆட்களை மறந்துபோவதாகவும் கேள்விப்பட்டு, சித்திதான் போய்ப் பார்ப்போம் என்றார். நான் கார் ஓட்டினேன். அத்தனை வருடம் பேசாமல் இருந்தவரை இப்போது எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வழி முழுக்கச் சண்டை பிடித்தேன். சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போனபோது ராசன் மாமா ஹீற்றருக்குப் பக்கத்தில் கம்பளியால் போர்த்திக்கொண்டு இருந்தார், நன்றாக இளைத்திருந்தார். எங்கள் இருவரையும் அவருக்குத் தெரியவில்லை. சித்தி ஊரின் பெயரைச் சொன்னதும் கண் மட்டும் விழித்துக்கொண்டது. சுகமோ என்று கேட்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. முன்னுக்குச் சரிந்து, இரகசியம் கேட்பவர்போல், "மனோர் பார்க் பெடியன், அந்த இடக்கை, இப்ப ஆருக்குப் போடுறான்?" என்று கேட்டார்.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத்தான் போடுறான் ராசன் அண்ணை, எங்கட மருமகன் எல்லோ" என்றார்.

அந்த மனுசருக்குச் சந்தோசம் வரும், முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சித்தியின் முகத்தையே கனநேரம் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் கேட்ட அதே கோபத்தோடு கேட்டார்.

"அப்ப ஏன் இன்னும் தோக்கிறம்?"